ஈரம் பார்க்கும் கருவிக்கு அபிஷேகம்

அரசாங்கம் இலவசமாக எதைக் கொடுத்தாலும் முதல் ஆளாய்ப் போய் நிற்பவர் ஏரம்பமூர்த்தி. புலம்பெயர்ந்து வந்த நாட்டில் பிளாட் புஷ் என்ற புறநகரில் வீடு, ஊருக்கு வெளியே குத்தகைக்கு ஒரு கண்ணாடிக் கூடாரம், அதற்குள் வெண்டை. மனைவி இராசமலர் கையால் தண்ணீர் விட்டு வளர்த்த செடிகள். அந்தக் கோடை விளைச்சலை நம்பித்தான் வருஷம் முழுக்கக் குடும்பம் ஓட வேண்டும்.

விவசாயிகளை நவீனமாக்கியே தீருவது என்று அரசாங்கத்துக்குத் திடீர் ஞானம் பிறந்தது. நகர மையத்து அலுவலகத்திலிருந்து கோகுல் என்ற இளைஞன், சப்பாத்தில் மண் படாமல் நடந்து வந்து, மண்ணில் ஒரு கருவியை நட்டான். மண் காய்ந்தால் குழாய் தானாகத் திறக்கும், ஈரமிருந்தால் திறக்காது. எல்லாம் போனில் தெரியும்.

"இனி நீங்க கையக் கட்டிக்கிட்டு உக்காரலாம் அங்கிள்."

ஏரம்பமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல நேரம் பார்த்துத் தேங்காய் உடைத்தார், சந்தனம் வைத்தார். அதோடு விட்டாரா? தினமும் காலையில் குளித்துவிட்டுப் போய், ஒரு செம்புத் தண்ணீரைக் கருவியின் தலையில் ஊற்றி, செவ்வரத்தம் பூ வைத்துக் கும்பிட்டார். கருவியும் மனம் குளிர்ந்து, மண் நல்ல ஈரம் என்று மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

"இஞ்சருங்கோ, செடியெல்லாம் வாடுது. நான் கொஞ்சம் தண்ணி விடட்டே?" என்றாள் இராசமலர்.

"விசர்க்கதை கதையாதை. போன் பச்சை காட்டுது. நீ குழப்பிப் போடுவாய்."

கூடாரம் சருகாகிய பிறகு கோகுல் ஓடோடி வந்தான், முகமெல்லாம் பல்லாக. "உங்க அளவுக்குத் தண்ணிய மிச்சம் பண்ணவங்க யாருமே இல்ல அங்கிள்! ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"தம்பி, வெண்டிக்காயெல்லாம் செத்துப் போச்செல்லோ!"

கோகுல் சுற்றுமுற்றும் பார்த்தான். பூவைப் பார்த்தான், செம்பைப் பார்த்தான். அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் அலுவலகம் அலுவலகம்தானே.

"எங்க கணக்குல தண்ணி மட்டும்தான் அங்கிள் இருக்கு. வெண்டைக்காய் இல்ல."

போட்டோவும் எடுத்தார்கள். ஏரம்பமூர்த்தி சிரிக்கச் சொன்னதும் சிரித்தார். கோகுலின் கார் போனதும் காய்ந்த பாத்தியில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதார்.

இராசமலர் கிட்டே வந்து நின்றாள். பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

"அழுது முடிச்சிட்டு எழும்புங்கோ. பழம் பாக் பண்ணுற இடத்தில ஆள் எடுக்கினமாம். நாளைக்கு ரெண்டு பேரும் போவம்."