சாவி கொடுக்கும் நேரம்

கோபே நகரத்தின் நாகதாக் கடைத்தெருவில் ஃபோட்டோ கடை வைத்திருந்த குசகபே தெய்ஜியிடம் போய், "சும்மா இருபதுல ஓட்டிக் குடுத்துடுங்க" என்று சொன்னவன் தொலைந்தான். ஃபிலிம் சுருளை அவன் கையிலேயே திணித்து வாசலைக் காட்டிவிடுவார் மனிதர்.

வீட்டுக்கு வீடு வீடியோ டெக் வந்துகொண்டிருந்த காலம் அது. பெட்டியடியில் கிடந்த எட்டு மில்லிமீட்டர் படங்களைக் கேசட்டில் ஏற்றித் தரச் சொல்லி ஜனங்கள் படையெடுத்தார்கள். அந்தப் பழைய காமிராக்களில் நொடிக்குப் பதினாறு படம்தான் விழும், மிஞ்சினால் பதினெட்டு. ஆனால் ப்ரொஜெக்டரை நொடிக்கு இருபது என்று ஓட்டினால்தான் டிவியில் படம் துடிக்காமல் நிற்கும். ஆகவே மற்ற கடைக்காரர்கள் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு இருபதில் ஓட்டினார்கள். கல்யாணப் பெண் நாய் துரத்துகிற மாதிரி நடந்தாள். "செத்துப் போனவங்களைக்கூட இப்படி விரட்டறானுங்களே, பாவிங்க!" என்று கொதிப்பார் குசகபே.

"ஐம்பத்து நாலு வயசுக்கு இந்தக் கோபம் ஆகாது. போய் டீயைக் குடிங்க" என்பாள் மனைவி ஹருயே. கல்லாவில் உட்காருவது அவள்தான். அவர் உட்கார்ந்தால் கடையில் ஈ கூட நிற்காது.

தன்னுடைய ப்ரொஜெக்டரில் அவரே ஒரு வேகக் குமிழைப் பொருத்தியிருந்தார். படம் எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க என்னென்னவோ பார்ப்பார். குழாயிலிருந்து சொட்டு விழுவதைப் பார்ப்பார், ஊஞ்சலைப் பார்ப்பார். வானொலி உடற்பயிற்சி வந்துவிட்டால் கொண்டாட்டம்தான். காலை ஆறரை மணிக்கு ரேடியோவில் நாடு முழுக்க ஒரே பியானோ, ஒரே தாளம், அதற்கேற்ப எல்லாரும் கையைக் காலைத் தூக்குவார்கள். கோடை விடுமுறையில் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போய், பயிற்சியை முடித்து அட்டையில் அன்றைய முத்திரை வாங்காத பிள்ளை உண்டா? அந்தப் பியானோவைக் கேசட்டில் போட்டுவிட்டு, படத்தில் தூக்கும் கை தாளத்தோடு சேரும்வரை குமிழைத் திருகுவார். இதுவரை அது பிசகியதில்லை.

ஒரு மழை நாளில் ஹமாசாகி தோமி என்ற அம்மாள் டீத்தூள் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே ஒரே ஒரு சுருள்.

"என் வீட்டுக்காரர் மேசையில இருந்துச்சுங்க. அவர் போன மாசம் போயிட்டார். இதுல என் பொண்ணு நட்சுயே இருக்கா. எட்டு வயசுல தவறிட்டா. அவ கையைக் காலை அசைச்சு நான் பார்த்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அவ எப்படி இருந்தாளோ, அப்படியே வேணும்."

"அப்படியே தர்றேன்மா. அதுக்குத்தானே நான் இருக்கேன்" என்றார் குசகபே.

கொல்லையில் துணிக்கொடி, மூலையில் ஒரு கோழி, நடுவில் ஒல்லியாக ஒரு பெண். தனியாக நின்று வானொலி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தாள். சாவி கொடுத்து ஓட்டுகிற காமிரா போலிருக்கிறது, அரை நிமிஷத்துக்கு ஒரு துண்டாக ஐந்து துண்டு. குசகபே பியானோவைப் போட்டார். பதினாறில் சேரவில்லை, பதினெட்டிலும் பிள்ளை பின்தங்கினாள். இருபதில் கனகச்சிதமாகச் சேர்ந்துகொண்டது. துடிப்பும் இல்லை!

"ஹருயே, இங்க வந்து பாரு. இருபதுலயே நிக்குது!"

"இருபதா? உங்க வாயால இதைக் கேக்கணும்னு என் தலையில எழுதியிருக்கே!"

கோழி மட்டும் தையல் மிஷின் மாதிரி கொத்திக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்காமலில்லை. பசியுள்ள கோழி என்று நினைத்துக்கொண்டார். துண்டுகளை இடைவெளி விடாமல் ஒட்டி, பியானோவையும் சேர்த்துப் பதிந்தார்.

தோமியம்மாள் வந்து டிவி முன்னால் உட்கார்ந்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கை மடிக்கு இறங்கியது.

"முகம் அவதாங்க. ஆனா இது என் பொண்ணு இல்ல."

குசகபேவுக்குச் சுருக்கென்றது. "தாளத்தோட பொருத்திப் பார்த்தேனேம்மா."

"அவளுக்கு இதயத்துல ஓட்டைங்க. பூங்காவுக்கு அனுப்ப மாட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாடும், இவ இந்தப் பக்கம் செய்வா. எப்பவும் பின்னாடிதான். மத்த பிள்ளைங்க முத்திரை வாங்கிட்டு வீடு போய்ச் சேர்ந்த பிறகும் இவ செஞ்சிட்டிருப்பா."

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஊரையெல்லாம் திட்டிய வாய்! ஓட முடியாத பிள்ளையை ஓட வைத்தது அவர் கைதானே. பியானோவை நிறுத்திவிட்டு அம்மாளைப் ப்ரொஜெக்டர் பக்கத்தில் உட்கார வைத்து, படத்தை மறுபடி ஓடவிட்டு, குமிழில் அவள் விரலை வைத்தார்.

அவள் மெல்லத் திருகினாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். பதினாறில் கை நின்றது. கோழி கோழியாயிற்று. பிள்ளை கையைத் தூக்கினாள், பாதியில் நின்று வாயால் மூச்சு விட்டாள், மீதியைத் தூக்கினாள்.

"வந்துட்டியாடி" என்றாள் தோமி. குசகபே அழுதுவிட்டார், மறைக்கவுமில்லை.

"டிவியில கொஞ்சம் துடிக்கும்மா."

"துடிக்கட்டும். இன்னொண்ணு கேக்கலாமா? துண்டுங்களை இப்படி ஒட்டியிருக்கீங்களே. காமிரா நின்னதும், 'அப்பா சாவி குடுக்கறேன், நீ உக்காரு'ன்னுவார். சாவி சட்டுனு ஏறிடும். ஆனா அவ உதட்டுல நீலம் போற வரைக்கும் சும்மா திருகிட்டே இருப்பார். அப்பா காமிரா மோசம்னு அவ சிரிப்பா. ஒட்டிட்டீங்கன்னா அவ உக்காரவே இல்லீங்களே."

"எவ்வளவு நேரம்மா வேணும்?"

"ஒரு நிமிஷம் போதும்."

டேப்பில் வெற்றாக ஒரு நொடி விட்டாலும் பொறுக்காத மனிதர் அவர். அன்று சாயங்காலம் பதினாறில் ஓட்டி, துண்டு முடியும்போதெல்லாம் ப்ரொஜெக்டரை நிறுத்தி, திரையில் ஓடுவதை டேப்பில் பதிகிற வீடியோ காமிராவின் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நான்கு தடவை, ஒவ்வொரு நிமிஷம். ஐந்தாவது துண்டும் முடிந்து ஃபிலிம் நுனி படபடவென்று அடித்தது. அதற்கப்புறம் படம் ஏதுமில்லை. ஆனாலும் கையை மூடியபடியே நின்றார்.

"முடிஞ்சுபோச்சே, டேப் வீணாகுது" என்றாள் ஹருயே உள்ளேயிருந்து.

"இருடி. குழந்தை மூச்சு வாங்குது" என்றார் குசகபே.