அண்ணாச்சி காய்ச்சியது காப்பி

செல்லையா அண்ணாச்சி இன்று விடியற்காலையில் காலமாகிவிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவருடைய பேரன் முகநூலில் போட்டிருந்தான்.

போட்டது சரி. "காய்ச்சி செல்லையா தாத்தா இயற்கை எய்தினார்" என்று போட்டிருக்கிறான். அதன் கீழே யாரோ ஒருவர், "சாராயம் காய்ச்சி உள்ளே போனவரா? செம தாத்தா!" என்று கமெண்ட் எழுதியிருக்கிறார். கூடவே சிரிப்புப் பொம்மைகள்.

நான் இதில் எதுவும் எழுதுகிறவன் இல்லை. ஒரு வரி எழுதினாலும் சரியா தப்பா என்று திரும்பத் திரும்பப் படித்துவிட்டு அழித்துவிடுவேன். இன்று அழிக்கப்போவதில்லை.

மதுவிலக்கு வந்திருந்த காலம். சங்கரன்கோவிலில் ஒரு பஸ் கம்பெனியில் அவர் மெக்கானிக், நான் கிளார்க். யுத்தத்தில் இத்தாலி வரை போய் வந்தவர் அவர். வரும்போது டிரங்குப் பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே வைத்து ஒரு காப்பி மெஷின் கொண்டுவந்திருந்தார். எஸ்பிரஸோ… இப்போது என் பேத்தி வீட்டில் பட்டனை அமுக்கினால் வருகிறதே, அதேதான்.

செம்பில் ஒரு சின்ன பாய்லர். அடியில் ஸ்பிரிட் விளக்கு. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, வளைந்த குழாய். தூளை அதற்கான கிண்ணத்தில் போட்டு இறுக அழுத்தி, ஆவி ஏறியதும் கைப்பிடியைத் திருப்பினால், கறுப்பாக, லேசான நுரையோடு, டம்ளரின் அடியை நனைக்கிற அளவுக்கு இறங்கும்.

சிக்கரி கலந்த தூள் போட்டால் அடைத்துக்கொள்ளும். அதனால் கொட்டையாக வாங்கி, அவரே வறுத்து, அவரே அரைப்பார்.

முதல் நாள் எனக்கு முகம் கோணிவிட்டது.

"என்ன அண்ணாச்சி, கஷாயம் மாதிரி இருக்கு?"

"அத ஆத்திக் குடிக்கக் கூடாது வே. ரெண்டே மடக்கு. சிக்கரித் தண்ணியக் குடிச்சுக் குடிச்சு உமக்கு நாக்கு செத்துப் போச்சு."

சில நாளில் இன்னொரு டம்ளர் நானே கேட்டேன்.

ஒரு நாள் பஸ் ஷெட்டில் கண்டக்டர் ஒருவர், "அண்ணாச்சி, காப்பி போட்டாச்சா?" என்று சும்மாதான் கேட்டார். அண்ணாச்சிக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.

"போடுதது ஒங்க வீட்டுக் காப்பி வே. நான் காய்ச்சுதேன். ஸ்பிரிட்டு ஊத்தி, ஆவி கட்டி, குழாய் வழியா இறக்கணும். முதச் சொட்டு விழும்போது வாசம் தெருமுனை வரைக்கும் போகும்லா!"

ஷெட் முழுக்கக் கேட்டது. அவர் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை.

மறுநாள் காலை ஒரு ஏட்டு, கான்ஸ்டபிள்களோடு அண்ணாச்சி வீட்டுக்கு வந்துவிட்டார். நான் அடுக்களையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன்.

"எங்க வே காய்ச்சுதீரு?"

"இங்கனதான் ஏட்டையா. வாங்க, உக்காருங்க."

"எத்தன நாளா நடக்கு?"

"மிலிட்டரிலேருந்து வந்த நாளா. காலைல ஒரு வாட்டி, சாயந்தரம் ஒரு வாட்டி."

"ஆருக்கெல்லாம் குடுப்பீரு?"

"வாரவங்களுக்கெல்லாந்தான். இந்தா இருக்காருல்லா நம்ம கிளார்க்கு, முன்ன மூஞ்சியச் சுளிச்சவரு, இப்ப ரெண்டாவது கேக்காரு."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஸ்பிரிட் பாட்டிலைப் பார்த்த பிறகு ஏட்டுக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. அண்ணாச்சிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "ஒரு வாய் காய்ச்சித் தாரேன், குடிச்சுப் பாருங்க" என்று பதறினார்.

"ஏலே, போலீசுக்கே ஊத்திக் குடுக்கியா!"

கையில் விலங்கு மாட்டி, ரத வீதி வழியாக, சந்தைக் கூட்டத்துக்கு நடுவே நடத்திக்கொண்டு போனார்கள்.

நான் பின்னாலேயே போனேன். போலீஸ் ஸ்டேஷன் படியை மிதித்தது அன்றுதான். "ஐயா, அது காப்பிங்கய்யா. நான் குடிச்சிருக்கேன்" என்றேன்.

"ஊதும் வே."

ஊதினேன்.

"வாடை தெரியாம இருக்க ஏலக்கா மென்னுட்டு வந்திருக்கான் பாரு!" என்றார் ஏட்டு. ஸ்டேஷனே சிரித்தது.

மறுநாள் மேலதிகாரி ஒருவர் வந்து, பாய்லரை மோந்து பார்த்துவிட்டு, அண்ணாச்சியைப் போகச் சொல்லிவிட்டார். ஒரு மன்னிப்பு? ஒரு சமாதான வார்த்தை? கிடையாது.

மெஷினைத் திருப்பிக் கொடுத்தார்கள்… பாய்லரில் கடப்பாரையால் போட்ட ஓட்டையோடு. பிடிபட்ட சாராயப் பானைகளை அப்படித்தான் உடைப்பது வழக்கமாம். வழக்கம்!

அண்ணாச்சி அந்த ஓட்டையைப் பற்றவைத்துப் பார்த்தார். ஆவி கட்டவே இல்லை.

விலங்கோடு போனதை ஊரே பார்த்தது. விலங்கில்லாமல் திரும்பி வந்ததை யார் பார்த்தார்கள்? பனவடலிசத்திரத்தில் அவருக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் நின்றது. "காய்ச்சுதவனுக்கா எம் மவளக் குடுப்பேன்?" என்று பெண்ணின் அப்பா ஷெட் வாசலில் நின்று சத்தம் போட்டார். அண்ணாச்சி ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி நின்றார்.

பிறகு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, பிள்ளை குட்டி என்று நன்றாகத்தான் வாழ்ந்தார். 'காய்ச்சி' என்ற பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. அதைச் சொல்லி யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். செல்லையா என்று கூப்பிடுகிற வரைக்கும் நடந்துகொண்டே இருப்பார். கூட நடந்தவன் நான், எனக்குத் தெரியும்.

துக்க வீட்டுக்குப் போன் செய்து இதைப் பேசலாமா என்று தயக்கமாகத்தான் இருந்தது. செய்தேன்.

"தம்பி, அந்தப் பட்டப்பேர எடுத்துருப்பா. அவரு காய்ச்சினது காப்பி."

"தெரியும் தாத்தா, சொல்லியிருக்காரு. ஆனா போஸ்டருக்கும் அப்படித்தான் குடுத்திருக்கு. அந்தப் பேரச் சொன்னாத்தான ஊருக்குத் தெரியும்?"

தெரியுமாம்! தெரிந்துதான் போட்டிருக்கிறான்.

"செல்லையா, மெக்கானிக்குன்னு போடு. அதுல தெரியாதவன் எவனும் வரவேண்டாம்."

என் குரல் இப்படி உயர்ந்து எனக்கு ஞாபகம் இல்லை. "சரி தாத்தா" என்றான்.

இப்போது பார்த்தேன். பதிவில் அந்தச் சொல் இல்லை. போஸ்டரைப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஆட்டோ வந்துவிட்டது.

வந்துகொண்டே இருக்கிறேன், செல்லையா அண்ணாச்சி.