சொட்டக்காவின் கொடி

அந்தத் துணிக்கடையில் புடவைக்கு முன்வாசலில் கண்ணாடிக் கூண்டு உண்டு. ஆண்களின் சட்டைக்கு முதல் மாடியில் வெள்ளை வெளிச்சம் உண்டு. பெண்ணின் உடம்பை நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்ளாடைக்கு மட்டும் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்குப் பின்னால், ஒரு இருட்டு மூலை. வாங்க வருகிறவர்களும் திருட வந்தவர்களைப் போலச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

அந்த மூலையில் நிற்கிறவளைக் கடையில் எல்லோரும் சொட்டக்கா என்பார்கள். நிற்கிறவள் என்பது வெறும் பேச்சு இல்லை. அங்கே விற்பனைப் பெண்களுக்கு நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் சுறுசுறுப்பு போய்விடும் என்று, நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் முதலாளி கண்டுபிடித்திருந்தார். சீருடையாகக் கொடுத்திருப்பது ஒரு நைலான் புடவை. ஊருக்கெல்லாம் காட்டன் விற்கிறவள் கோடை முழுக்க அந்த நைலானுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

பெயர் வந்தது அவளுடைய தண்ணீர் பாட்டிலால். யாராவது துணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சந்தேகமாக நின்றால், பாட்டில் மூடியில் விரலை நனைத்து, துணிமேல் ஒரு சொட்டு வைப்பாள். காட்டன் என்றால் சொட்டு உடனே உள்ளே போய்விடும். நைலான் என்றால் கண்ணாடி மணி மாதிரி மேலேயே உட்கார்ந்திருக்கும்.

"அக்கா, இது சுத்தக் காட்டன்தானே?"

"என்னைக் கேக்காதீங்க, துணியைக் கேளுங்க. குடிக்குதா பாருங்க. தண்ணியையே குடிக்காதது உங்க வேர்வையையா குடிக்கப் போகுது?"

ஒருநாள் புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. மனைவி மெல்லிய வெள்ளைக் காட்டன் ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். கணவன் பளபளக்கும் சிவப்பு ஒன்றை எடுத்து நீட்டினான்.

"இதை எடுத்துக்க. இதுதான் பாக்க நல்லா இருக்கு."

சொட்டக்கா விரலை நனைத்துச் சிவப்பின்மேல் வைத்தாள். சொட்டு உருண்டு மேஜைமேல் விழுந்தது.

"சார், இது போட்டுக்கவா, மாட்டி வச்சுப் பாக்கவா?"

"என்னம்மா கேள்வி இது? போட்டுக்கத்தான்."

"அப்ப அவங்களே சொல்லட்டும். வேர்க்கப் போறது அவங்களுக்கு."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெள்ளைதான் விலைபோனது. சூப்பர்வைசர் மேலே படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிவப்புதான் கடைக்கு லாபம்.

"சொட்டக்கா, நீங்க கடைக்கு வேலை பாக்கறீங்களா, துணிக்கு வேலை பாக்கறீங்களா?"

"நிக்கறது கடைக்கு சார். பேசறது துணிக்கு."

அவளுக்குப் பொய் வராது என்பதில்லை. வயதைக் கேட்டால் பொய் சொல்வாள். சாப்பிட்டாயா என்றால் பொய் சொல்வாள். துணி விஷயத்தில் மட்டும் சொல்ல மாட்டாள். இந்த மேஜையில் சொல்கிற பொய், எங்கோ ஒரு பெண்ணின் தொடை இடுக்கில் போய்ப் புண்ணாகும் என்பது அவளுக்குத் தெரியும்.

வெயில் காலத்தில் கேட்கிறவர்களுக்கு ஒரே பாடத்தைச் சொல்லுவாள். "மெல்லிசான பின்னல் காட்டனா எடுங்க. வெளிர் நிறமா இருக்கட்டும். எலாஸ்டிக் தோல்ல படாம துணிக்குள்ள இருக்கணும். ஒரு அளவு லூசா போடுங்க, யாரும் பாக்கப் போறதில்ல. அப்புறம்…" இங்கே குரல் கொஞ்சம் இறங்கும். "நல்ல வெயில்ல காயப் போடுங்க."

குரல் இறங்குவதற்குக் காரணம் இருந்தது.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் போனபின் அண்ணன் வீட்டில் இருந்தாள். கீழே, குளியலறைக்குப் பக்கத்தில், பழைய சாமான்களோடு ஒரு அறை. ஜன்னல் சுவரைப் பார்த்தபடி இருக்கும். மொட்டை மாடியில் நீளமாக இரண்டு கொடிகள் கட்டியிருந்தன. அண்ணனின் பனியனும் ஜட்டியும் தெருப்பக்கக் கொடியில், வெற்றி பெற்ற கட்சியின் கொடியைப் போல, ஊர் பார்க்கப் பறக்கும். ஓட்டை விழுந்த ஜட்டிக்குக்கூட அங்கே மரியாதை இருந்தது. அவளுடைய உள்ளாடைகள் அவளுடைய அறையில், ஒரு கம்பியில், மேலே ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு காயும். காயும் என்று சொல்வதே தப்பு. காலையில் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். அந்தக் குளிர்ச்சியையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள்.

யாரும் சட்டம் போட்டு வைத்ததில்லை. வயதுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். அம்மா போர்த்தினாள், இவளும் போர்த்தினாள். ஆணின் அழுக்கு வெயிலில் காயலாம், பெண்ணின் சுத்தம் இருட்டில் புழுங்க வேண்டும் என்பதை எந்த மூளை முதலில் யோசித்ததோ, அந்த மூளைக்கு அரிப்பு வந்திருக்காது.

அந்தக் கோடையில் அவளுக்கு வந்தது. முதலில் அரிப்பு, பிறகு சிவந்த வளையம், பிறகு நடக்கும்போது எரிச்சல். நாள் முழுக்க நிற்கிற வேலை. சொறியவும் முடியாது, உட்காரவும் முடியாது. பக்கத்துக் கவுண்டர் பெண், "என்னக்கா, வாத்து மாதிரி நடக்கறீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். சொட்டக்காவும் சிரித்துவைத்தாள்.

தோல் டாக்டர் களிம்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கேட்டார்: "என்ன துணி போடறீங்க?"

"காட்டன்தான் டாக்டர்."

"எங்க காயப் போடறீங்க?"

அவள் மருந்துச் சீட்டை நாலாக மடித்தாள். டாக்டரும் பெண்தான், அவருக்குப் புரிந்துவிட்டது. "முழுசா காயாத துணியைப் போட்டா, களிம்பு நான் குடுத்துக்கிட்டே இருப்பேன், நீங்க தடவிக்கிட்டே இருப்பீங்க. வெயில் இருக்குல்ல? அதுக்கு யாரைக் கேக்கணும்?"

கேட்க வேண்டியிருந்தது. அண்ணியிடம் கேட்டாள். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல், "எதிர் மாடியில ஆம்பளைப் பசங்க தங்கியிருக்காங்க. பாக்க மாட்டாங்களா?" என்றாள்.

"அவங்க ஜட்டியெல்லாம் நாம பாத்துக்கிட்டுதானே அண்ணி இருக்கோம்?"

"அது வேற."

"என்ன வேற?"

அண்ணி குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

அடுத்த நாள் விடுமுறை இல்லை. ஆனாலும் காலையில் துவைத்து, மாடியில், தெருப்பக்கம்கூட இல்லை, பின்பக்கக் கொடியில், வரிசையாகக் கிளிப் மாட்டிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். அன்று கடையில் அவளுக்கு ஒரு உற்சாகம். தன்னுடைய துணி வெயிலில் இருக்கிறது என்ற நினைப்பே மேலே பவுடர் பூசியது போல இருந்தது. சாயங்காலம் திரும்பி வந்தபோது மாடிக்கொடி காலி. அவளுடைய அறையில், கம்பியில், ஈரத்துண்டுக்கு அடியில் எல்லாம் இருந்தன. காய்ந்திருந்தவையும் துண்டின் ஈரம் பட்டு நமுத்துப் போயிருந்தன.

கூடத்தில் அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவளிடம் நேராகப் பேசாமல் அண்ணியிடம் பேசினார். மூன்று பேரும் ஒரே கூடத்தில்தான் இருந்தார்கள்.

"இங்க மானம் மரியாதையோட இருக்கணும்னு சொல்லு. இல்ல, வெயில்தான் வேணும்னா தனியா வீடு பாத்துக்கச் சொல்லு."

அண்ணன் சொன்னது கோபத்தில். அவள் எடுத்துக்கொண்டது நிஜமாக.

வீடு தேடியபோது உரிமையாளர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "கூட யாரு இருப்பாங்க?" அவளும் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டாள்: "மாடியில கொடி இருக்கா?" இந்த இரண்டு கேள்விகளும் எங்கேயும் ஒத்துப்போகவில்லை. கடைசியில் ஒரு அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை கிடைத்தது. கீழே அச்சகம், நடுவில் பேப்பர் கிடங்கு, மேலே அவள். வேறு குடித்தனம் இல்லை. ஆட்சேபிக்க ஆள் இல்லாத இடம்தான் அவளுக்குக் கிடைத்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் துவைத்தாள். மொட்டை மாடியின் நடுவில், வெயில் நேராக விழுகிற இடத்தில், கொடி நெடுகப் போட்டாள். துண்டு போர்த்தவில்லை. யாராவது ஏதாவது சொல்லப் போகிறார்கள் என்று பதிலை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள். கீழே அச்சகம் பூட்டியிருந்தது. சுற்றிலும் கிடங்குகளின் தகரக் கூரைகள். ஒரு காக்கா வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, கொடியைப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது. பதில் நாக்கிலேயே இருந்தது.

புண் ஆறிவிட்டது. கோடை உச்சத்துக்குப் போனபோதும் திரும்ப வரவில்லை. காய்ந்து, மொறமொறவென்று, வெயில் வாசனையோடு இருக்கும் துணியை மடித்து வைக்கும்போது, இதற்கா இத்தனை வருஷம் என்று இருக்கும். மடித்து முடித்ததும் செய்ய வேறு வேலை இருக்காது.

அவளிடம் இருந்த துணி கொஞ்சம், கொடி நீளம். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒரு ஓரத்தில் ஒடுங்கிவிடும். அதனால் நிறைய இடைவெளி விட்டுப் போட ஆரம்பித்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு குடும்பத்துத் துணி மாதிரி இருக்கும். தூரத்திலிருந்து பார்க்க யாரும் இல்லை. கடையிலும் கவுண்டரை மூடுகிற நேரத்தில் வாடிக்கையாளர்களிடம் பேச்சை இழுப்பாள். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்பாள், முன்பின் பார்த்திராதவர்களிடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பிறகு, படியில் காலடிச் சத்தம் கேட்டது. அண்ணி. கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"வாங்க அண்ணி. அண்ணன் நல்லா இருக்காரா?"

"அவருக்கென்ன."

"பை சொட்டுதே அண்ணி?"

அண்ணி பையைப் பார்த்தாள். படியெல்லாம் கோடாகத் தண்ணீர். சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் அதே எழவுதான்" என்றாள். "ரெண்டு கோடையா. உக்கார முடியல, எழுந்திருக்க முடியல. அவர்கிட்ட மார்க்கெட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். இங்க கொஞ்சம் காயப் போட்டுக்கட்டுமா?"

"ஏன் அண்ணி அப்பவே சொல்லல?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சொல்றது? உன் துணியை மாடியிலேர்ந்து எடுத்துட்டு வந்தவ நான்தானே."

சொட்டக்கா பையை வாங்கினாள். கொடியில் தன் துணிகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள். இத்தனை நாளும் இடைவெளியாக இருந்த இடம் அது. அண்ணியின் உள்ளாடைகள் எல்லாம் மலிவான நைலான், ஓரத்தில் குத்துகிற லேஸ். போட்டுவிட்டு டீ போட உள்ளே போனாள். டீ கொதித்து வருவதற்குள் அண்ணி எல்லாவற்றையும் உருவிப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"காஞ்சிடுச்சும்மா. கிளம்பறேன்."

"டீ?"

அண்ணி நின்றபடியே, வாய் சுட, இரண்டு மடக்குக் குடித்துவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் கடையில் அண்ணிக்காகத் துணி எடுக்கும்போது சொட்டக்கா வெகுநேரம் நின்றாள். மேஜையில் இரண்டு ரகம். ஒன்று மெல்லிய பின்னல் காட்டன். வெயிலுக்கு அதைவிட நல்லது கிடையாது, ஆனால் கோடை வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். இன்னொன்று கெட்டியான இரட்டைப் பின்னல்; உடம்புக்குப் புழுக்கம், ஆனால் காய வெகுநேரம் எடுக்கும். கெட்டியை எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"யாருக்குக்கா?" என்றாள் பக்கத்துக் கவுண்டர் பெண்.

"வேண்டியவங்களுக்கு."

"அப்ப மெல்லிசு குடுங்க. நீங்கதானே சொல்லுவீங்க?"

மெல்லிசையே பில் போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்து புதுக் காட்டனை வாங்கிக்கொண்டு போனாள். அதற்கு அடுத்த வாரம் அதையே துவைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். கொடியில் இருவருடைய துணியும் நெருக்கமாக, இடைவெளி இல்லாமல் தொங்கின. இருவரும் அறை வாசலின் ஒடுங்கிய நிழலில் உட்கார்ந்தார்கள். அண்ணி காலை நீட்டிக்கொண்டு பேசினாள். அண்ணனின் குறட்டையைப் பற்றி, விலைவாசியைப் பற்றி, எதிர் மாடிப் பையன்கள் காலி செய்துவிட்டுப் போனதைப் பற்றி.

"அவங்கதான் போயிட்டாங்களே. இப்ப மாடியில போடலாமே அண்ணி?"

"அய்யோ, உன் அண்ணன் போகலையே!"

இருவரும் சிரித்தார்கள். அந்த மாடியில் அப்படி ஒரு சத்தம் அதுவரை கேட்டதில்லை. சிரிப்பு அடங்கியதும் அண்ணி வெயிலை அண்ணாந்து பார்த்தாள்.

"காஞ்சிருக்குமா? பாரேன். நேரமாச்சு, தேடுவார்."

"பாக்கறேன். நீங்க உக்காருங்க."

சொட்டக்கா எழுந்தாள். குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் டம்ளர் கையிலேயே இருந்தது. கொடியருகே போய், அண்ணிக்கு முதுகைக் காட்டி நின்று, துணியைத் தொட்டாள். நன்றாகக் காய்ந்திருந்தது. நல்ல காட்டன், இந்த வெயிலில் காயாமல் என்ன செய்யும்? சற்று நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலை டம்ளரில் நனைத்து, இடுப்புப் பட்டைமேல் ஒரு சொட்டு வைத்தாள். துணி உடனே குடித்தது. பக்கத்தில் இருந்ததற்கு ஒரு சொட்டு. அதற்கடுத்ததற்கு ஒரு சொட்டு.

"என்னம்மா, ஆச்சா?"

"இடுப்புகிட்ட இன்னும் ஈரமா இருக்கு அண்ணி" என்றாள், திரும்பாமல். "கொஞ்ச நேரம் இருங்க."