ஒரு கிடாரம் நல்லதண்ணி

மனைவிக்குக் கர்ப்பப்பை எடுத்த ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்த பிறகுதான் எனக்குப் பயம் கூடியது. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். வீட்டில் நான் மட்டும்தான்.

தையல் வெட்டிய நேர்ஸ் மிஸ்ஸி, "புண் வடிவாக் காய்ஞ்சிட்டுது. எல்லாம் சாப்பிடலாம், தலைக்கு வாத்துத் தோயலாம், மெல்ல மெல்ல நடக்கலாம்" என்று சொல்லித்தான் அனுப்பினா. ஆனால் இவள் சாப்பிட்டால்தானே. சோற்றைப் பிசைவாள், ஒரு வாய் வைப்பாள், சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். நான் கடலுக்குப் போகாமல் நின்றேன். அவள் அசையாமல் கிடந்தால் மூக்குக்குக் கிட்டக் கையை வைத்து மூச்சுப் பார்ப்பேன். ஒருநாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"இஞ்சேருங்கோ, நான் இன்னும் இருக்கிறன். கையை எடுங்கோ, வெங்காயம் மணக்குது."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டொக்டர் சொன்ன பெயர்கள் என் வாயில் நிற்கவில்லை. ஆனால் ஆளைத் தேற்றுகிற பொருட்களுக்கு எங்கள் ஒழுங்கைச் சனத்தின் வாயில் இருக்கிற சொற்கள் எல்லாம் எனக்குத் தெரியும். அந்த நாட்களில் அவற்றைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒழுங்கைக் கோடியில் இருக்கிற என் அக்காவுக்கு எல்லாம் சத்துத்தான். பால்சுறா வறை சத்து, முருங்கையிலைச் சொதி சத்து, உளுத்தங்களி பெரிய சத்து. இளநீர் சத்தில் சேராது, அது குளிர்மை. தையல் போட்ட உடம்புக்கு ஆகாத சாமான் எல்லாம் கரப்பன். பக்கத்து வீட்டுத் தங்கச்சி வெள்ளாங்குளம் பக்கமிருந்து கலியாணம் முடித்து வந்தவ. அவவின் ஆட்கள் முந்தி மலைநாட்டில் இருந்தவர்கள். வேலிக்கு மேலால் சட்டியை நீட்டி, "அண்ணே, மிளகு ரசம் வச்சிருக்கேன். சூடா குடுங்க, அசதி போயி தெம்பா எந்திரிச்சிருவாங்க" என்பா. நாங்கள் தென்பு என்பதுதான் அவவுக்குத் தெம்பு. எந்தச் சொல்லானாலும் எனக்குச் சரி, அவள் எழும்பினால் போதும். ஆனால் ரசம் சூடு, இளநீர் குளிர்மை, ரெண்டும் ஒரே வயிற்றுக்குள் போனால் சண்டை பிடிக்குமோ என்று யோசனை வந்துவிடும். ஒன்றைக் காலையிலும் மற்றதைப் பின்னேரத்திலும் கொடுத்தேன். அவள் ரெண்டையும் ஒரே மாதிரித்தான் மிச்சம் வைத்தாள். செபமாலை சொல்லும்போதும் மணிக்கு மணி சத்து, தென்பு, குளிர்மை என்றுதான் மனம் ஓடியது.

ஒருநாள் கோப்பையை எடுக்கப் போனபோது, "ஒருக்காத் தலை தோயோணும்போல கிடக்கு. ஆஸ்பத்திரியில கிடக்கேக்கயே அதுதான் யோசினை" என்றாள்.

 ஈரம் பிடித்துக் காய்ச்சல் வந்தால்? ஆனாலும் அவள் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். வேப்பிலையும் நொச்சியும் முறித்துக் கிடாரத்தில் போட்டு, கிணற்றுத் தண்ணியை நிரப்பி வெயிலில் வைத்தேன். வருத்தக்காரருக்கு இப்படி வெயிலில் காய்ந்த தண்ணிதான் வார்க்கிறது. அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள்.

"கிணத்துத் தண்ணி" என்றுவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டாள்.

எங்கள் கிணறு உவர். சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் கயிறு மாதிரித் திரியும். நல்லதண்ணி பவுசர் லொறியில் வரும். அதை வாசலில் நிற்கும் நீலப் பரலில் நிரப்பிக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பாவிப்போம். அதில் முகம் கழுவினாலே ஏச்சு விழும். இலை போட்டால் உப்புத் தெரியாது என்று நினைத்த என் மடைத்தனத்தை என்ன சொல்ல. பரலின் மூடியைத் திறந்து பார்த்தேன். அரைவாசிக்குக் கீழே. பவுசர் எப்ப வருமோ தெரியாது. மூடினேன். பிறகும் திறந்தேன். கிடாரத்தைக் கழுவி, பரலிலிருந்து அள்ளி ஊற்றி, புது இலை போட்டு வெயிலில் வைத்தேன். சூடு ஏறிவிட்டதா என்று முழங்கையை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அக்கா வந்துவிட்டா.

"என்னடா இது, குடிக்கிற தண்ணியெல்லே?"

"தோயவாக்கப் போறன்."

"நாளைக்கு எதைக் குடிப்பாய், கடல் தண்ணியையோ? சன்னி கின்னி வந்தா என்னடா செய்வாய்?"

 நான் பிறகும் முழங்கையைத் தண்ணிக்குள் விட்டேன். உள்ளேயிருந்து இவளின் குரல் வந்தது.

"மச்சாள், ஏசுறதெண்டா ஏசிப்போட்டுப் போங்கோ. வாக்கிறதெண்டாத் தேசிக்காய் ரெண்டு அவிச்சுக் கொண்டு வாங்கோ."

வீட்டுக்கு வந்த பிறகு அவள் அவ்வளவு நீளமாகக் கதைத்ததில்லை.  "ம், வாய் சுகமாயிட்டுது" என்று சொல்லிக்கொண்டு அக்கா அடுப்படிக்குப் போனா.

கிடுகு மறைப்புக்குள் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு இருத்தினோம். முதல் வாளி காலுக்கு. உடம்பு திடுக்கிடாமல் இருக்க அப்படித்தான் தொடங்குவது. பிறகு தலைக்கு. அக்கா அவித்த தேசிக்காயைப் பிழிந்து தேய்க்க நான் ஊற்றினேன். தலை நுரைத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை நீட்டி விட்டு, "அப்பாடா" என்றாள்.

தலையைத் துவட்டி வாசலில் இருத்தினோம். வேப்பிலை மணம் அவளைச் சுற்றி நின்றது. நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சத்தால் பிறகும் தொட்டேன்.

"தொட்டுப் பாத்தது காணும், விடுங்கோ. பசிக்குது."

"சொதி இருக்கு, ரசம் இருக்கு, களி கிண்டித் தரட்டே?"

"கருவாடு பொரிச்சுத் தாங்கோ. சோத்தோட."

"ஐயோ, கரப்பன்!" என்று அக்கா தலையில் கை வைத்தா. நான் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். எல்லாம் சாப்பிடலாம் என்று மிஸ்ஸி சொன்னதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத் தாச்சியை அடுப்பில் வைத்தேன். மணம் எழும்பியதும் வேலிக்கு அங்காலிருந்து தங்கச்சி கேட்டா:

"அண்ணே, யாருக்குக் கருவாடு?"

"அவளுக்குத்தான்!" என்றேன். ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

சட்டியில் இருந்த சோறு முழுக்க முடிந்தும் அவளுக்குக் காணவில்லை. அக்கா தன் வீட்டுக்குப் போனா. திரும்பி வரும்போது ஒரு கையில் சோற்றுக் கோப்பை, இடுப்பில் ஒரு குடம் நல்லதண்ணி.