குழந்தையின் கழுத்தில் ரோமாபுரிக் காசு

1962, தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காலை ஏழே காலுக்குத் திண்டுக்கல்லில் பழனி பஸ் ஏறினேன். ரெட்டியார்சத்திரத்துக்கு ஏழெட்டு மைல். கட்டணம் முப்பத்தைந்து நயா பைசா. நான் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கிரேக்க, ரோம வரலாறு கற்பிப்பவள். ரெட்டியார்சத்திரத்தை அடுத்த சிற்றூரில் கிணறு வெட்டியபோது பழைய வெள்ளிக்காசு ஒன்று கிடைத்ததாக அவ்வூர்ப் பள்ளி ஆசிரியை எழுதியிருந்தார். அதைக் கல்லூரிக் காட்சியறைக்குக் கேட்டு வாங்கிவரப் புறப்பட்டிருந்தேன்.

"எறங்கி ரெண்டு மைல் நடக்கணும்மா. வண்டி ஒண்ணும் கெடைக்காது" என்றார் கண்டக்டர். நடந்தேன். இருபுறமும் கத்தரியும் கனகாம்பரமும். தென்கிழக்கே சிறுமலை மங்கலாகத் தெரிந்தது.

ஒன்பது மணிக்குக் காசு கிடைத்த வீட்டைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்காரி முத்தம்மாள் மோர் கொடுத்தாள். அவள் கணவர் கருப்பையா முற்றத்தில் சந்தைக்குக் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். காசு அவர்களுடைய எட்டு மாதக் குழந்தையின் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கியது. ஒரு பக்கம் அரசன் தலை. மறுபக்கம், கையில் கிளையுடன் அமர்ந்திருக்கும் பெண்.

"இது நாலாவது பொண்ணு டீச்சர்" என்றாள் முத்தம்மாள், குரலைத் தாழ்த்தி. "பொறந்தப்ப வீட்டுல ஒருத்தரும் பேசல. எங்கயாச்சும் கொண்டுபோயிப் போட்டுரலாம்னு கூடச் சொன்னாக. மூணாம் நாளு கெணத்துல இது கெடச்சுச்சு. அம்மனே வந்துட்டான்னு இவுக கொண்டாந்து கட்டுனாக. அதுக்கப்புறந்தான் எனக்குப் பால் குடுக்கவே தைரியம் வந்துச்சு."

நான் காசைக் கேட்கவில்லை. அவளே கேட்டாள்: "இது சாமிதானே?"

கருப்பையாவின் கை நின்றது.

"ரோமாபுரி ராஜாவோட அம்மா. சமாதானத்தைத் தர்ற தெய்வமா அவங்களை வடிச்சிருக்காங்கன்னு படிச்சவங்க சொல்வாங்க. சாமிதான்" என்றேன்.

"அந்த ஊருப் பொம்பளைக எப்புடி?"

தெரிந்ததைச் சொன்னேன். ரோமாபுரி வீடுகளில் அடுப்பங்கரைத் தெய்வத்துக்குத் தினமும் படையல் உண்டு. கோயில் நெருப்பு அணையாமல் காக்கக் கன்னிப் பெண்களை வைத்திருந்தார்கள். கிரேக்க நாட்டு வசதியான வீட்டுப் பெண்கள் திருவிழாவுக்கும் சாவுக்கும்தான் பெரும்பாலும் வெளியே வருவார்கள்.

"அங்கயும் சாமி கும்புடத்தான் வெளிய விட்டாகளா?" என்று சிரித்தாள்.

"அங்கே பிள்ளை பிறந்தா வளர்க்கிறதா வேண்டாமான்னு அப்பாதான் முடிவு சொல்லணும். வேண்டாம்னா வெளியே போட்டுடுவாங்க. பொம்பளைப் பிள்ளைகளுக்கு அது அதிகம் நடந்ததாச் சொல்றாங்க" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. பிறகு கருப்பையா நிமிராமலே சொன்னார்: "மூணு நாளு நான் இவ மூஞ்சியப் பாக்கல டீச்சர். காசு கெடைக்காட்டி என்ன ஆயிருக்குமோ, எனக்கே தெரியல."

முத்தம்மாள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "என்னமோ கேக்க வந்தீகளாமே?" என்றார் அவர்.

"பார்க்கத்தான் வந்தேன்" என்றேன். காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துக்கொண்டேன். குழந்தை பென்சிலைப் பிடித்து இழுத்தது.

பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். கடலுக்கு அப்பால், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய நாடு என்று நினைத்திருந்தது, திண்டுக்கல்லிலிருந்து பத்து மைலில் இருந்தது. சிசுக்களைக் கைவிடும் வழக்கத்தைப் பற்றிப் பதினோரு ஆண்டுகளாகத் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்டுவந்தவள் நான். திங்கட்கிழமை வகுப்பில் அந்தப் பகுதிக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். முத்தம்மாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.