கீழ்க் கட்டத்தில் போட்ட டிக்

நான்கு வருடங்களுக்கு முன்பு, பள்ளி திறந்த ஜூன் மாதத்தில், புனே விமான் நகரில் நடந்தது இது. அங்கே ஒரு குடியிருப்பின் வாசலையொட்டித் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்க்கிறேன். ஊரில், கள்ளக்குறிச்சிப் பக்கம், ஐந்தாவது வரை தமிழில் படித்தவன். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

என் மகள் அப்போதுதான் நான்காம் வகுப்புக்குப் போயிருந்தாள். நான் மூட்டைகளில் எதுவும் எழுதி வைப்பதில்லை. கட்டியிருக்கும் துணிதான் அடையாளம். பச்சைக் கோடு போட்ட படுக்கை விரிப்பு இந்த வீடு, பழைய சுடிதார் துப்பட்டா அந்த வீடு. நாற்பது வீட்டு மூட்டைகளையும் நான் தடுமாறும்போது அவள் சரியாகச் சொல்லிவிடுவாள். ஆனால் பள்ளிப் புத்தகத்தை விரித்தால் நாலு வரி படிப்பதற்குள் கண் கலங்கிவிடும். எழுத்தெல்லாம் நகருகிறது என்பாள். இவ்வளவு ஞாபகம் உள்ளவளுக்குப் படிப்பு வராமலா போகும், எல்லாம் சோம்பல் என்று முடிவு கட்டினேன். ஒரே பக்கத்தைப் பத்து முறை எழுத வைத்தேன்.

"இஸ்திரிப் பொட்டி சூட்ட புள்ளகிட்ட காட்டாதய்யா" என்று என் மனைவி திட்டுவாள். நான் கேட்கவில்லை.

பள்ளி திறந்து இரண்டாவது வாரம், இனிமேல் பள்ளிக்கே போக மாட்டேன், வண்டியிலேயே நிற்கிறேன் என்றாள் மகள். மூன்று நாள் போகவில்லை. எனக்கும் சலித்துவிட்டது. வராத படிப்பை வைத்துக்கொண்டு ஏன் அவளை வதைக்க வேண்டும், நிறுத்திவிடலாம் என்றே நினைத்தேன். அதற்குள் புதிய வகுப்பாசிரியை எங்கள் இருவரையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார்.

அவர் மராட்டியப் பெண். என்னை "பாவு" என்று அண்ணனைப் போல அழைத்தார். ஒரு காகிதத்தை எடுத்து வைத்து, போன வருடம் ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று இந்தியில் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. காகிதத்தின் அடியில் தமிழில் என் கையெழுத்து இருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. போன வருடம் சில பெற்றோரை மட்டும் வரச்சொல்லி ஆங்கிலத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். என்னவென்று கேட்கக் கூச்சம். எனக்கு முன்னால் நின்றவர் மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். படித்தவர், சரியாகத்தான் செய்வார் என்று எட்டிப் பார்த்தேன். அவர் கீழ்க் கட்டத்தில் டிக் போட்டார். நானும் போட்டேன். படிக்கத் திணறும் பிள்ளைகளைச் சோதித்து, தனி ஆசிரியை வைத்து உதவ அனுமதி கேட்ட படிவமாம் அது. வேண்டாம் என்பது கீழ்க் கட்டம்.

வேலை மும்முரத்தில் தவறிவிட்டது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். வாய்வரை வந்தது. பக்கத்தில் மகள் தலை குனிந்து நின்றாள். அந்தத் தலையைப் பார்த்ததும் பொய் வரவில்லை. எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, இன்னொருவரைப் பார்த்துப் போட்டுவிட்டேன் என்றேன்.

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஒனக்கும் படிக்க வராதாப்பா?"

"இங்கிலீஷு வராதும்மா."

"பயமா இருக்குமா?"

"இருக்கும்."

அவள் என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். ஆசிரியை புதிய படிவம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வரியையும் இந்தியில் நிதானமாகச் சொல்லி, மேல் கட்டத்தைக் காட்டினார். அதில் டிக் போட்டேன்.

சோதித்தபின் டிஸ்லெக்ஸியா என்றார்கள். அறிவில் குறையில்லை, அச்செழுத்து மட்டும் அவளுக்கு எளிதில் பிடிபடாது, அதற்கு வேறு வழியில் சொல்லித்தர வேண்டும் என்று தனி ஆசிரியை விளக்கினார். மூட்டைகளை அவள் அடையாளம் காண்பதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, மறுநாளே ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு நிறம் கொடுத்துச் சொல்லித்தர ஆரம்பித்தார். தேர்வில் கேள்விகளை வாசித்துக் காட்டினார்கள். கூடுதல் நேரமும் கொடுத்தார்கள்.

இப்போது எட்டாம் வகுப்பு. இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறாள், ஆனால் அழுவதில்லை. எனக்கு வரும் காகிதங்களை விரல் வைத்து அவள்தான் படித்துச் சொல்கிறாள். அவள் இல்லாத இடத்தில், யார் காகிதம் நீட்டினாலும் எனக்குத் தெரியாது, படித்துச் சொல்லுங்கள் என்று நானே கேட்டுவிடுகிறேன். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு என் பிள்ளையை ஒரு வருடம் அழவைத்தவன் நான்.