துடுப்பு வால்

பாம்பு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. நெடுங்காட்டு வயலில் வளர்ந்தவனுக்கு அது இல்லாமல் எப்படி? கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் வரி மங்கியிருக்கும், வால் பக்கம் பளிச்சென்று தெரியும். அதே சாயலில் வீட்டுச் சுவரேறும் விஷமில்லாத பாம்புக்கு இது நேர்மாறு. இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீர்ப் பாம்பு கடித்தால் வாய்க்காலில் கையைக் கழுவிவிட்டு மறுபடி வயலில் இறங்கிவிடுவோம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, வயலில் வேலையும் இல்லை. நானும் என் மனைவியும் காலை பஸ்ஸைப் பிடித்துக் காரைக்கால்மேட்டுக் கடற்கரைக்கு வேலைக்குப் போனோம். ஐஸ் உடைப்போம், கூடை தூக்குவோம், மீன் நிறையப் பட்ட நாளில் வலையிலிருந்து மீன் கழற்றவும் உட்காருவோம். எங்களுக்கு வேலை கொடுத்தவர் ஒரு படகுக்காரரின் மனைவி. நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம்.

ஒருநாள் வலைக்குள் கறுப்பும் வெளுப்புமாய் வளையம் வளையமாக ஒன்று நெளிந்தது. "பாம்பு!" என்று நான் பின்னால் தாவிய வேகத்தில் ஐஸ் பெட்டிமேல் போய் விழுந்தேன். சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா அதைச் சாதாரணமாக எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மீனு தம்பி இது. வரி போட்ட விலாங்கு. செதிலே இல்ல பாரு. வாலு ஊசியாட்டம் இருக்கு பாரு."

"எங்கூட்டு வீரரு!" என்றாள் என் மனைவி, வாயைப் பொத்திக்கொண்டு.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வலையின் மறுகோடியில் அதே வளையங்களைக் கண்டதும், எல்லாரும் பார்க்கட்டும் என்று வெறுங்கையாலேயே பிடித்து இழுத்தேன். சுண்டுவிரலில் இறால் முள் குத்தியதுபோல் சுருக்கென்றது. பெரிதாக வலிக்கக்கூட இல்லை.

"மீனு கடிக்குதுக்கா!" என்று சிரித்தபடி தூக்கிக் காட்டினேன்.

அக்கா சிரிக்கவில்லை. "தம்பி, அத கீழ போடு. இது பாம்பு."

போட்ட பிறகுதான் வாலைப் பார்த்தேன். ஊசியாக இல்லை. துடுப்பைப் போலத் தட்டையாக இருந்தது. உடம்பெல்லாம் பொடிப்பொடியாகச் செதில்கள். சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கடல்பாம்பை அங்கே யாரும் அடிக்க மாட்டார்கள். வாலைப் பிடித்துக் கடலில் வீசிவிடுவார்கள். அன்று வீசவில்லை. டாக்டரிடம் காட்ட வேண்டுமே என்று அக்கா ஒரு பெயின்ட் வாளியில் கடல் தண்ணீரை மொண்டு, கம்பால் அதைத் தூக்கி உள்ளே விட்டு, மேலே கொஞ்சம் இடைவெளி விட்டுத் தட்டைப் போட்டு மூடினார். ஆட்டோவில் என் மனைவி அந்த வாளியைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் தட்டால் மூடினார். "கடல்பாம்புதான். இதுக்குன்னு தனி ஊசி இந்தப் பக்கம் எங்கயும் கிடையாதுங்க. ஆனா கடிக்கிறப்ப எல்லாம் அது விஷத்த விடாது. விட்டுச்சா இல்லையான்னு சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடும். தாடை இறுகினா, ஒடம்பு வலிச்சா, ஒண்ணுக்குக் கறுப்பா போனா ஒடனே சொல்லுங்க."

வாளியை வார்டுக்குள் வைக்கக் கூடாது என்றார்கள். என் மனைவி அதோடு ஜன்னலுக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்தாள். நான் படுத்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினேன். தாடை கொஞ்சம் இறுகுகிறதோ? இல்லை, மனப்பிராந்தி. மறுபடி திறந்தேன். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் பக்கத்து வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் போய் வருவாள். சாயங்காலம் நாங்கள் வரவில்லை என்றால் யாரிடம் கேட்பாள்? அப்படிப் பயந்தது என் வாழ்நாளிலேயே அன்றுதான்.

மத்தியானம் ஜன்னல் கம்பிக்கு அப்பால் என் மனைவியின் முகம் தெரிந்தது.

"ஏங்க, அது மேல வந்து மூக்க நீட்டி மூச்சு விட்டுட்டுப் போவுதுங்க. நம்மளாட்டமே."

அவள் குரலில் கோபம் இல்லை. அத்தனை பெரிய கடலுக்குள் இருந்தும் மூச்சுக்கு மேலே வந்தே தீரவேண்டிய ஒரு உயிர். என் சாவும் பிழைப்பும் அந்தச் சின்ன வாய்க்குள் இருந்தன. அது என்ன முடிவு செய்திருந்தது என்று அந்த நேரம் எனக்குத் தெரியாது. பயத்துக்கு நடுவிலும் எனக்கு மலைப்பாக இருந்தது.

சாயங்காலம் சிறுநீர் தெளிவாகவே போயிற்று. டாக்டர் என் கைகால்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கெளம்புங்க. அது உங்க மேல விஷத்த வீணாக்கல."

வாளியோடு கடற்கரைக்குத் திரும்பினோம். நான் அவசரப்பட்டு ஈரமணலிலேயே கவிழ்த்துவிட்டேன். அதற்குத் தரையில் ஊரத் தெரியவில்லை. மற்ற பாம்புகளுக்கு வயிற்றில் இருக்கும் அகலமான பட்டைச் செதில் இதற்கு இல்லை. பக்கவாட்டில் சரிந்து, முறுக்கி, அதே இடத்தில் கிடந்து தவித்தது. காலையில் என்னைக் கொன்றிருக்கக்கூடிய பாம்பால் ஒரு முழ மணலைத் தாண்ட முடியவில்லை. என் மனைவி தட்டை நீட்டி, மெல்ல மெல்ல அதைத் தண்ணீர்ப் பக்கம் தள்ளினாள். அலை வந்து தொட்டதும் அந்தத் துடுப்பு ஒருமுறை அசைந்தது. வளையங்கள் நீண்டு, நெளிந்து, பச்சைத் தண்ணீருக்குள் போயே போய்விட்டன. அத்தனை அழகை நான் எந்த வயலிலும் பார்த்ததில்லை. என்னை அறியாமல் கும்பிட்டேன்.

வீட்டுக்குப் போனபோது விளக்கு வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு வாசலில் மகள் புத்தகப் பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா இவ்ளோ நேரம்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தாடை லேசாக, எந்தச் சிரமமும் இல்லாமல் திறந்துகொண்டது. அழுகைதான் வந்தது.